அச்சச் சுவையும் அண்மைக்காலத் திரைப்படங்களும்

மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் அச்சம் பிறக்கும் நிலைக்களங்களை நான்காக எண்ணினார். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன அவை. அணங்கு என்பதனுள் பேய் பூதம் முதலாயினவும், கள்வர் என்பதனுள் தீத்தொழில் புரிவாரும், இறை என்பதனுள் அரசர், ஆசிரியர், தந்தையர் முதலாயினோரும் அடங்குவர் என்பது பேராசிரியர் உரையாற் பெறப்படும். பேய்க்கு அஞ்சும் அச்சமும் ஆள்வோர்க்கு அஞ்சும் அச்சமும் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்டமை ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. அண்மைக்காலத் தமிழ்த் திரைப்படங்களை மதிப்பிடுதற்கு இதனினும் நல்லதோர் அளவுகோல் வேண்டுவதில்லை.

இவ்வளவுகோலைத் திருகோணமலையிலிருந்து எடுத்தாளுதற்கு ஒரு பொருத்தமும் உண்டு. 1920களின் பிற்பகுதியில் இந்நகரின் இந்துக் கல்லூரியில் தலைமைப் பணிபுரிந்த சுவாமி விபுலாநந்தர், 1926இல் வெளிவந்த ‘மதங்க சூளாமணி’ என்னும் நூலில், செகசிற்பியாரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு ஒப்பவைத்து ஆராய்ந்தார். அயலார் ஆக்கிய கூத்தையும் தமிழ்ச் சுவைக் கோட்பாட்டால் அளந்தறியலாம் என்பதை அந்நூல் காட்டிற்று. திரைப்படத்துக்கும் அந்நெறி ஒக்கும்.

முதற்கண் திடுக்கிடல் வேறு, அச்சம் வேறு என்று பிரித்தறிதல் வேண்டும். இருட்டிய படமாளிகையில் ஓசை முழுதும் அடங்கி, பின்னர் ஒரு பேரொலியோடு கோரமுகம் ஒன்று தோன்றுமாயின், யாவரும் திடுக்கிடுவர். அஃது உடலின் செயல், உள்ளத்தின் செயலன்று. பட்டாசு வெடிப்பினும் அத்தகைய நடுக்கம் நிகழும். மறு நொடியில் மறையும். அச்சச் சுவையோ படம் முடிந்து வீடு திரும்பும் வழியிலும் உடன் வருவது. மக்பெத் நாடகத்தில் பாங்கோவின் ஆவி மக்பெத்தின் கண்ணுக்கன்றி விருந்தினர் எவர் கண்ணுக்கும் தோன்றுவதில்லை. ஆங்கே ஓசையும் இல்லை, கோரமும் வேண்டப்படவில்லை. செய்த கொலையே ஆவியாய் வந்து இருக்கையில் அமர்கிறது. அவையோர் அஞ்சுவது ஆவிக்கன்று, கொலைக்கே.

தமிழ்த் திரையின் பேய் பல நிலைகளைக் கடந்து வந்துள்ளது. 1966இல் வெளிவந்த ‘யார் நீ’ படத்தில் பேய் என்று அஞ்சப்பட்டது ஈற்றில் மனிதரின் சூழ்ச்சியாய் முடிந்தது. 2005இல் வெளிவந்த ‘சந்திரமுகி’ அதனை உளநோயாய் விளக்கிற்று. இவ்விரண்டிலும் அறிவு வந்து அச்சத்தை நீக்குகிறது. 2011இல் இராகவா லாரன்சு ஆக்கிய ‘காஞ்சனா’ முதலாய படங்களிலோ பேய் மெய்யாகவே பேய்தான். ஆயின் அச்சத்தை நீக்க ஆங்கு நகைச்சுவை வருகிறது. அறிவின் இடத்தை நகை பிடித்துக்கொண்டமையே இவ்வரைநூற்றாண்டுக்கால மாற்றத்தின் சுருக்கம் எனலாம்.

ஆயினும் ‘காஞ்சனா’வை வெறும் நகைப்படம் என்று தள்ளிவிடல் தகாது. பெற்றோரால் கைவிடப்பட்ட திருநங்கை ஒருத்தி, தான் வளர்த்த மகளை மருத்துவராக்கி, ஏழையர்க்கு மருத்துவமனை எழுப்பத் தேடிய நிலத்தை அரசியல் வலியுடையான் ஒருவன் கவர்ந்து, அவளையும் கொன்று புதைக்கிறான். உயிரோடிருந்தபோது கேட்பாரற்ற அவளது முறையீடு, இறந்த பின்னரே செவியேறுகிறது. இது புதுவதன்று. கணவனாற் கொலையுண்டவள் பேயாகி, மறுபிறப்பிலும் அவனைத் தொடர்ந்து, பழையனூர் அவையின்முன் வழக்குரைத்த நீலியின் கதை தமிழ் நாட்டில் நெடுங்காலம் வழங்கிவருவது. தமிழர் மரபில் பேய் என்பது பெரும்பாலும் நீதி பெறாத ஒரு வழக்காளி. திரைப்பேயின் உயிர்நிலை திடுக்கிடலில் இல்லை, அம்முறையீட்டிலேயே உள்ளது.

இவ்வுண்மை திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்து வாழும் பார்வையாளர்க்கு ஏனையோரினும் நன்கு விளங்கும். 1942 ஏப்பிரல் 9இல் யப்பானிய வானூர்திகள் இத்துறைமுகத்தில் குண்டு பொழிந்தன. 2004 திசம்பர் 26இல் கடலே எழுந்து கரையோரக் குடிகளை வாரிச் சென்றது. 2006 சனவரி 2இல் கடற்கரையில் மாணவர் ஐவர் கொலையுண்டனர். அவ்வழக்கிற் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டனர். போரும் கடலும் அஞ்சியறிந்த மக்கள், காசு கொடுத்துப் பேய்ப்படம் பார்க்கச் செல்வது ஏன் என்னும் வினா எழலாம். திரையின் அச்சத்துக்கு ஓர் எல்லை உண்டு; விளக்கு எரிந்ததும் அது நீங்கும் என்பது ஒரு விடை. அதனினும் ஆழமான விடை, திரையில் கொலையுண்டோர்க்கு வாய் உண்டு என்பதே. ஆங்கே இறந்தவர் வந்து பெயர் சொல்லி வழக்குரைக்கின்றனர், தீர்ப்பும் கிடைக்கிறது. மன்றங்களில் எய்தாத முடிவு மூன்று மணி நேரத்துள் எய்துகிறது.

அங்ஙனமாயின், அம்முறையீட்டைச் சிறுமைப்படுத்தும் படங்களைப் பார்வையாளர் மன்னித்தல் அரிது. 2024இல் வெளிவந்த சுந்தர் சி.யின் ‘அரண்மனை 4’ படத்தில் இறந்த தாய் ஒருத்தி தன் மகளைக் காக்க மீள்கிறாள். உள்ளத்தை உருக்கவல்ல இக்கருவை நகைத்துணுக்குகள் இடையறுத்துக்கொண்டே செல்கின்றன. அதே ஆண்டு ஆகத்து 15இல் வந்த ‘டிமான்டி காலனி 2’ வேறு வகையால் வழுவுகிறது. 2015இல் வந்த முதற்படத்தில் நண்பர் நால்வர் தம் சொந்த அறைக்குள்ளேயே அடைபட்டுப் போயினர். பழகிய நான்கு சுவர்களே பகையாவதைக் காண்பார்க்கு உண்மையான அச்சம் பிறந்தது. இரண்டாம் படமோ இரட்டையர், மருமம் பொதிந்த நூல் எனக் களத்தை விரித்து, கணினி வரையும் காட்சிகளைப் பெருக்குகிறது. இடம் பெருகப் பெருக அச்சம் மெலிகிறது.

அவ்வாகத்து 23ஆம் நாளில் இரு நாடகப் பாங்கான படங்கள் வந்தன. அவற்றுள் பி. எசு. வினோத்துராசின் ‘கொட்டுக்காளி’, பேயே இல்லாத பேய்ப்படம் எனத் தகும். வேறு சாதியானை விரும்பிய மீனா என்னும் பெண்ணைப் பேய் பிடித்ததாகத் தீர்மானித்த உறவினர், பேயோட்டுவானிடம் அவளை வண்டியேற்றிச் செல்கின்றனர். பலியிடுதற்குக் கால் கட்டிய சேவலும் உடன் செல்கிறது. பின்னணி இசை இல்லை. மீனாவின் வாய் ஏறத்தாழ முற்றும் அடைத்தே கிடக்கிறது. வழிமறித்து நின்ற எருதைக் கண்டு ஆடவர் தயங்க, சிறுமி ஒருத்தி எளிதாய் அதனை அழைத்துச் செல்கிறாள். விலங்கின் அச்சம் அவ்வளவில் தீர்ந்துவிடுகிறது. இறையின் அச்சமோ, குடும்பத் தலைவரும் முறைமாமனும் ஆகி வண்டியிலேயே உடன் அமர்ந்திருக்கிறது. ‘காஞ்சனா’வில் இறந்தவள் பேசினாள், ஈண்டு உயிரோடிருப்பவளின் மறுப்பே பேய் எனப் பெயர் பெறுகிறது. முன்னதைவிடப் பின்னதே நெஞ்சை நடுக்குவது என்பதில் ஐயமில்லை.

மாரி செல்வராசின் ‘வாழை’, தொல்காப்பியர் அழுகைக்குக் கூறிய நிலைக்களங்களுள் வறுமையையும் இழவையும் ஒருங்கே கொண்டது. வாழைத்தார் சுமக்கும் சிறுவன் சிவனைந்தன் ஒருநாள் வேலைக்குச் செல்லாதிருக்க, அக்காள் ஏறிச்சென்ற பாரவண்டி கவிழ்கிறது. ஊர் முழுதும் பிணங்களைச் சூழ்ந்து அழும்போது, சிறுவனோ பசி தாளாமல் சோற்றில் கை வைக்கிறான். எக்கோரமுகமும் விளைக்காத நடுக்கத்தை அக்கைப்பிடிச் சோறு விளைக்கிறது.

அணங்கையும் இறையையும் ஓருருவிற் கண்ட படைப்பு, 2024 பெப்புருவரியில் வந்த மலையாளப் படமாகிய ‘பிரமயுகம்’. இராகுல் சதாசிவன் இதனைக் கறுப்பு வெள்ளையில் ஆக்கினார். 17ஆம் நூற்றாண்டு மலபாரில், அடிமை வாழ்வினின்று தப்பியோடிய பாணன் ஒருவன் பாழ்மனையொன்றை அடைகிறான். அதன் தலைவனோடு கவறாடித் தன் காலத்தையே பணயமாய்த் தோற்கிறான். மம்முட்டி நடித்த அத்தலைவனிடத்துப் பேய் எது, ஆளுகை எது என்று பிரித்தறிய இயலாது. 1624இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை எழுப்பியதை அறிந்த ஊரார்க்கு, அதே நூற்றாண்டின் அப்பாழ்மனை அயலாய்த் தோன்றாது.

ஈழத்து அரங்கு இவ்வுண்மையை முன்னரே உணர்ந்திருந்தது. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி 1985இல் யாழ்ப்பாணத்தில் மேடையேறிய ‘மண் சுமந்த மேனியர்’, பேயொன்றையும் காட்டாது, ஒரு மக்கட்கூட்டத்தின் அச்சத்தையும் துயரையும் அவர்தம் முன்னிலையிலேயே நிகழ்த்திக் காட்டிற்று. தம் அச்சத்தைத் தாமே கண்டு, அதற்குப் பெயரிடுதல் பார்வையாளர்க்கு அதனால் இயன்றது.

எனவே, நல்ல அச்சப்படம் எது என்னும் வினாவுக்கு விடை தெளிவு. எத்தனை முறை இருக்கையினின்று துள்ளச் செய்தது என்பது அளவன்று. அஞ்சியவர் எதற்கு அஞ்சினார், யாருக்காக இரங்கினார் என்பதே அளவு. அச்சம் இரக்கத்தில் முடியுமாயின் அது சுவை. வெறுந் துள்ளலில் முடியுமாயின் அது வாணவேடிக்கை. துறைமுகத்து நீருக்கும் கடற்கரை மணலுக்கும் அடியில் கேட்கப்படாத வழக்குகள் பல கிடக்கும் ஓர் ஊரில், இவ்வேறுபாடு இலக்கணச் செய்தி மட்டுமன்று. வாழ்வோர் இறந்தோர்க்குச் செய்யும் கடமையுமாம்.