கிழக்கு வாசலும் இருட்டு அடுப்பங்கரையும்

திருப்பதியில் ஃபிளாட் பார்க்கப் போகிறவர்கள் புரோக்கரிடம் முதலில் கேட்பது, "ஈஸ்ட் ஃபேசிங்கா?" என்றுதான். சித்தூரிலும் அப்படியே, தெலுங்குக்காரர், தமிழர் என்ற வித்தியாசம் இதில் கிடையாது. கிழக்கு என்றால் விலை கூடும், நாமும் கொடுக்கிறோம். தனி வீட்டின் கிழக்கு வாசல் தெருவைப் பார்க்கும். காலை வெயில் கூடம் வரை வரும். அடுக்குமாடியில் அதே வாசல் காரிடாரைப் பார்க்கிறது. எதிரே இன்னொரு வீட்டுக் கதவு, பக்கத்தில் லிஃப்ட். திசைக்காகக் கூடுதல் பணம் கொடுத்தவர் வீட்டில் காலை பதினோரு மணிக்கு ட்யூப்லைட் எரிகிறது.

அதற்காக வெளிச்சம் குறைந்த ஃபிளாட் என்றாலே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. இது குளிர்தேசமல்ல. திருப்பதி இருப்பது ஏறத்தாழ 13.6 டிகிரி வட அட்சரேகையில். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வாடிக்கை. மேற்குச் சுவர் பிற்பகல் முழுக்க வாங்கிய சூட்டை இரவில் படுக்கையறைக்குள் விடும். பக்கத்துக் கட்டடம் மேற்கு வெயிலை மறைக்கிற ஃபிளாட்டின் அருமை அந்த மாதங்களில் தெரியும்.

கணக்குப் போட்டும் பார்க்கலாம். 20 வாட் எல்இடி ட்யூப் நான்கு, பகலில் பத்து மணி நேரம் எரிந்தால் மாதம் 24 யூனிட் ஆகும். ஒன்றரை டன் ஏசி இருபது மணி நேரம் ஓடினாலே கிட்டத்தட்ட அவ்வளவு ஆகிவிடும். மின்கட்டணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இருட்டு ஃபிளாட் தோற்காது. விலையும் பேசிக் குறைக்கலாம். இப்படிப்பட்டவை பெரும்பாலும் ஊர் நடுவே இருப்பதால் ஆஸ்பத்திரியும் பஸ் ஸ்டாண்டும் நடக்கிற தூரத்தில் இருக்கும். வயதான பெற்றோரோடு இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

ஆனால் நிழல் வேறு, அடைப்பு வேறு. வெயில் மறைந்தும் காற்று வருகிற வீடு நிழல். ஜன்னல் ஓடிஎஸ் பக்கம், அதாவது கட்டடத்துக்கு நடுவே வானம் பார்க்க விடும் குறுகிய இடைவெளிப் பக்கம், திறக்கிற வீடு பெரும்பாலும் அடைப்புதான். அப்படிப்பட்ட இரண்டாம் மாடி அடுப்பங்கரை ஒன்றில் நின்று பார்த்தேன். ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் கழிவுநீர்க் குழாய்கள். மேல்வீட்டுத் தாளிப்பு வாசனை அப்படியே உள்ளே வந்தது. லைட்டை அணைக்கச் சொன்னேன். உச்சிவேளையிலும் முறத்து அரிசியில் கல் எது, குருணை எது என்று தெரியவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தச் சுவர் எப்படிக் காயும்? 2021 நவம்பரில் ஊரே வெள்ளத்தில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இது வீண் கவலையாகத் தோன்றாது.

விதியை மீறித்தான் இப்படிக் கட்டுகிறார்கள் என்றும் சொல்ல முடியாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வெப்பமான பகுதிகளில் தட்பவெப்பத்தைப் பொறுத்து ஜன்னல் திறப்பு தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஆறில் ஒரு பங்கு வரை வேண்டும் என்கிறது. ஜன்னலிலிருந்து ஏழரை மீட்டருக்கு அப்பால் உள்ள இடத்தை வெளிச்சமுள்ளதாகக் கணக்கில் எடுக்காது. அளவு சரியாக இருந்தாலும் ஐந்தாம் மாடிக்குக் கிடைக்கும் வானம் அதே ஓடிஎஸ் வழியாக முதல் மாடிக்குக் கிடைப்பதில்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. ஃபிளாட்டை முடிவு செய்பவர் காலை ஒன்பது மணிக்கு வேலைக்குப் போய் விளக்கு வைத்த பிறகு திரும்புகிறவர். அவருக்கு அந்த இருட்டு தெரியவே தெரியாது. பகல் முழுக்க அதில் இருப்பவர்கள் மனைவியும் அம்மாவும். விலையில் குறைந்த லட்சங்களை இவர்கள் தினமும் கட்டுகிறார்கள்.

வெளிச்சமான வீடு வாங்கினால் வைட்டமின் டி கிடைக்கும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் சி.வி. ஹரிநாராயண் குழுவினர் செய்து 2007-ல் வெளிவந்த ஆய்வு, இத்தனை வெயில் காயும் நம் பகுதியிலேயே வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருப்பதையும், கிராமத்தாரைவிட நகரத்தாருக்கு அது அதிகம் என்பதையும் காட்டியது. அந்த வைட்டமினுக்கு வேண்டிய புற ஊதாக் கதிரை ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். மொட்டை மாடிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஆகவே இருட்டு ஃபிளாட் வாங்குபவர் மாடிக்கு எளிதில் போக முடியுமா, முட்டி வலிக்கிற அம்மாவுக்கு லிஃப்ட் மாடி வரை போகுமா என்று பார்ப்பது, வெளிச்சத்துக்காகக் கூடத்தில் கண்ணாடி மாட்டுவதைவிட முக்கியம்.

வடக்கு ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். கோடையில் சூரியன் வடக்கே சாய்ந்தாலும் நடுப்பகலில் சின்ன சன்ஷேடே அதைத் தடுத்துவிடும். வெளிச்சம் வரும், சூடு அவ்வளவாக வராது.

இன்றைய வெளிச்சம் நாளைக்கும் இருக்குமா என்பதும் விலையில் சேர வேண்டும். பக்கத்து மனை காலியாக இருப்பதால்தான் பல ஃபிளாட்கள் வெளிச்சமாக இருக்கின்றன. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், வட ஆர்க்காட்டோடு இருந்த நம் ஊர்கள் உட்பட சென்னை மாகாணத்துக்கு அப்போதே வந்தது. அதன்படி ஜன்னல் வெளிச்சத்தை இருபது ஆண்டு தடையின்றி அனுபவித்த பிறகே அதற்கு உரிமை கோர முடியும். புது ஃபிளாட்காரருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பக்கத்து மனைக்காரர் விதிப்படி இடம் விட்டு ஐந்து மாடி எழுப்பினால் தடுக்க வழியில்லை. அப்படிப்பட்ட ஃபிளாட்டுக்கு 'வெளிச்சம்' என்று கூடுதலாகக் கேட்டால், நான் அதை இருட்டு ஃபிளாட்டாகவே வைத்து விலை பேசுவேன்.