ரேஸ் ஏறுது, வண்டி இழுக்கல

எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றுவிட்டால், நடுவில் சிக்கிய கார்கள் ஊர்ந்துதான் போகவேண்டும். ஓட்டுபவரின் இடது கால் கிளட்ச் பெடலை விட்டு முழுதாக எழும்புவதே இல்லை. அரை கிளட்ச்சில் நாள்தோறும் தேய்ந்த பிளேட் ஒருநாள் கைவிடும். அப்போது காத்திவாக்கத்து மெக்கானிக் கடை வாசலில் கேட்கும் புகார் இது: "அண்ணே, ரேஸ் குடுத்தா இன்ஜின் கத்துது, வண்டி இழுக்க மாட்டேங்குது." கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இதே புகார் உண்டு. ஆனால் அங்கே தேடுகிற இடம் வேறு.

தொடக்கத்தில் இந்த வேறுபாடு இல்லை. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூர்த் தொழிற்சாலையில் ஆஸ்டின் ஏ40 கார்களைத்தான் பூட்டிக்கொண்டிருந்தது. 1955இல் அது அசோக் லேலண்ட் ஆகி, லாரிக்கும் பஸ்ஸுக்கும் மாறியது. அதே ஏ40 யாழ்ப்பாணத்தில் வாடகைக் காராகப் பல பத்தாண்டுகள் ஓடியது. அன்றைக்கு இரு கரையிலும் ஒரே கிளட்ச், ஒரே வைத்தியம். பிறகு இலங்கை, ஜப்பானில் ஓடிய ஆட்டோமேட்டிக் கார்களை இறக்குமதி செய்யத் தொடங்கியது. நாமோ கியர் போட்டு ஓட்டும் சின்னக் கார்களோடு நின்றோம்.

நம் பக்கத்து நல்ல மெக்கானிக் காரை உடனே மேலேற்றமாட்டார். முதலில் நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மிதித்து விடுவார். ரேஸ் இறங்காமல் தொங்கினால் கேபிளையோ, த்ராட்டில் பாடியில் சேர்ந்த அழுக்கையோ, காற்றுக் கசிவையோ பார்க்கவேண்டும். கிளட்ச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒழுங்காக இறங்கினால், ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, மூன்றாம் கியரைப் போட்டு, லேசாக ரேஸ் கொடுத்தபடி பெடலை மெல்ல விடுவார். கிளட்ச் பிடிக்கிறது என்றால் இன்ஜின் குலுங்கி அணைந்துவிடும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. சில நொடி வேலை, செலவு எதுவும் இல்லை. திரும்பத் திரும்பச் செய்தால் பிளேட் கருகும் என்பதால் ஒருமுறையோடு நிறுத்திவிடுவார்.

இதற்குப் பிறகு வரும் அவசரம்தான் என்னை வருத்துகிறது. வழுக்குகிறது என்று தெரிந்ததும் கியர்பாக்ஸை இறக்கிவிடுகிறார்கள். கேபிள் உள்ள கார்களில் பிளேட் தேயத் தேயப் பெடலின் விளையாட்டு, அதாவது கிளட்ச் அசையும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம், குறையும். ஒரு விரல் அகலமாவது இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லாமல் போனால், பிரஷர் பிளேட் முழுதாக அழுத்தாது. பிளேட்டில் இன்னும் உயிர் இருந்தாலும் வழுக்கும். உப்புக்காற்று அடிக்கும் எங்கள் பக்கத்தில் கேபிள் துருவேறி உள்ளேயே இறுகிக்கொள்வதும் நடக்கும். இவற்றைச் சரிசெய்ய கியர்பாக்ஸை இறக்கவே வேண்டாம்.

அப்படியே இறக்கினாலும், கழற்றிய பிளேட்டை விரலால் தடவிப் பார்க்கவேண்டும். காய்ந்து, ரிவெட் வரை தேய்ந்திருந்தால் அது வயது. பளபளத்து ஆயில் பிசுக்கோடு இருந்தால், இன்ஜினின் பின் ஆயில் சீலோ கியர்பாக்ஸின் முன் சீலோ கசிகிறது. அந்த சீலை மாற்றாமல் புது பிளேட் போட்டால் அதுவும் நனைந்து வழுக்கும், கூலி இரண்டு தடவை. ஃப்ளைவீலில் நீலம் பாரித்திருந்தால் லேத் பட்டறைக்கு அனுப்பி முகம் எடுக்கவேண்டும்.

இலங்கையில் முதல் கேள்வியே வேறு: இது பழுதுதானா? சிவிடி என்னும் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி உள்ள காரில் வேகம் ஏறும்போது இன்ஜின் சுற்று மேலேயே நிற்பது அதன் இயல்பு. சக்தி கிடைக்கும் சுற்றில் இன்ஜினை வைத்துக்கொண்டு பெட்டி விகிதத்தை மாற்றிக்கொண்டே போகும். அங்கே நிறைய ஓடும் டொயோட்டா பிரியஸ், அக்வாவில் வழுக்குவதற்குக் கிளட்ச் பிளேட்டும் இல்லை, சிவிடியில் உள்ளது போன்ற பெல்ட்டும் இல்லை. பேட்டரி தளர்ந்தால் இன்ஜின் கூடுதலாக உழைத்துக் கத்தும். ஆனால் 2013இல் வந்த ஹோண்டா ஃபிட் ஹைபிரிட்டில் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் உண்டு. கடுகண்ணாவை ஏற்றத்தில் நெரிசலில் ஊர்ந்தால் அது சூடேறும். மூன்றும் ஹைபிரிட்தான், ஆனால் வைத்தியம் ஒன்றல்ல. ஆகவே அங்கே ஸ்கேனர் மாட்டிப் பெட்டிக்குள் போகும் சுற்றையும் வெளிவரும் சுற்றையும் ஒப்பிடுகிறார்கள். ஆயில் சிவப்பா கறுப்பா, கருகிய வாடை வருகிறதா என்று பார்க்கிறார்கள்.

அங்கும் குறை உண்டு. சாதாரண ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஏடிஎஃப் ஆயிலை சிவிடி பெட்டிக்குள் ஊற்றினால் பெல்ட்டும் புல்லியும் கெடும். ஜப்பானிய எழுத்தில் கையேடு உள்ள காரில் எளிதில் நேரக்கூடிய தவறு இது. பெட்டி கெட்டால் பஞ்சிகாவத்தையில் பழைய பெட்டி வாங்கி அப்படியே மாற்றுவதும் வழக்கம். பழைய பாகங்களுக்கு நமக்குப் புதுப்பேட்டை எப்படியோ, கொழும்புக்கு அது அப்படி. வாங்கும் பெட்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதற்கு விற்பவர் சொல்தான் சாட்சி. 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பிப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய காரை உயிரோடு வைத்திருந்தவர்கள் அந்த மெக்கானிக்குகள். அந்தப் பொறுமை பெரிது.

நமக்கும் ஸ்கேனர் தேவைப்படும் நாள் வந்துவிட்டது. 2014இல் செலேரியோவோடு மாருதி கொண்டுவந்த ஏஎம்டியில் பெடல்தான் இல்லை, உள்ளே அதே கிளட்ச் பிளேட் இருக்கிறது. பிளேட் மாற்றினால் ஸ்கேனரால் அதற்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்கவும் வேண்டும். கால் உணர்வை மட்டும் நம்பும் கடை இனி தடுமாறும். கையில் ஸ்கேனரும் காலில் அந்தப் பழைய உணர்வும் இருப்பவர்தான் இரு கரையிலும் நல்ல மெக்கானிக்.

உங்கள் வண்டி இப்படிக் கத்தினால், கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன் பெடல் விளையாட்டையும் மூன்றாம் கியர் சோதனையையும் உங்கள் கண் முன்னே செய்யச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆயில் பட்டிருந்தால், சீலை மாற்றாமல் காசு கொடுக்காதீர்கள்.