வர்க்கம், இனம், பால்நிலை: பேர்மிங்ஹாம் ஆய்வுமரபு பற்றிய ஒரு மதிப்பீடு

பல துறைகளை ஒரு கூரையின்கீழ்க் கொண்டுவருவதால் மட்டும் பல்துறை ஆய்வு உருவாகிவிடுவதில்லை. ஒரு துறையின் அடிப்படை எண்ணக்கருக்கள் மற்றொன்றின் வினாக்களுக்கு முகங்கொடுத்து மாற்றமுறும்போதே அது சாத்தியமாகின்றது. அத்தகைய மாற்றம் யாரால், எவ்வாறு நிகழ்கின்றது என்பதை விளங்கிக்கொள்ள, இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகச் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தின் வரலாறு பெரிதும் உதவும்.

1964இல் இம்மையத்தை நிறுவிய ரிச்சர்ட் ஹொகார்ட், தொழிலாள வர்க்க வாழ்வையும் வெகுசனப் பண்பாட்டையும் இலக்கிய ஆய்வின் எல்லைக்குள் கொண்டுவந்தார். ஜமேக்காவிற் பிறந்த ஸ்ருவர்ட் ஹோல் 1960களின் இறுதியில் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். கிராம்ஸி, அல்தூசர் ஆகியோரின் சிந்தனைகள் அவர் காலத்தில் அங்கு வேரூன்றின. ஆயினும், தொடக்ககால ஆய்வுகளின் மையத்தில் நின்றவன் பெரும்பாலும் வெள்ளையினத் தொழிலாள ஆண்மகனே.

1978இல் இரு நூல்கள் வெளிவந்தன. ஹோலும் சக ஆய்வாளரும் எழுதிய ‘நெருக்கடியும் பொலிஸ் கண்காணிப்பும்’, வழிப்பறி பற்றிய பீதியைப் பத்திரிகை, நீதிமன்றம், பொலிஸ் ஆகியன இணைந்து கட்டமைத்தமையையும், கறுப்பின இளைஞன் சமூக நெருக்கடியின் குறியீடாக்கப்பட்டமையையும் விளக்கிற்று. மையத்தின் பெண்கள் ஆய்வுக்குழுவினர் வெளியிட்ட மற்றைய நூலோ, மையத்தின் ஆய்வுமுறையையே வினாவுக்குட்படுத்தியது. முற்போக்காளராகத் தம்மைக் கருதிய ஆண்களும் அவ்வினாவை உள்ளூர எதிர்த்தனர் என்பதை ஹோல் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

1982இல் வெளிவந்த ‘பேரரசின் எதிர்த்தாக்குதல்’ என்ற தொகுப்பு இவ்விவாதத்தை மேலும் கூர்மைப்படுத்திற்று. குடும்பம் பெண்ணடிமைத்தனத்தின் தளம் என வெள்ளையினப் பெண்ணியர் கூறினர். கறுப்பினப் பெண்களுக்கு அது இனவாதத்தை எதிர்க்கும் அரணாகவும் விளங்கியது என ஹேசல் கார்பி அதில் எடுத்துக்காட்டினார். ஆசியப் பெண்களின் போராட்டங்களைப் பிரதிபா பர்மார் ஆராய்ந்தார்.

இவ்வாய்வுகள் வெறுங் கோட்பாட்டுப் பயிற்சிகளல்ல. 1976 முதல் 1978 வரை இலண்டனின் கிரன்விக் புகைப்படப் பதனிடும் ஆலையில் ஜயாபென் தேசாய் முதலான ஆசியப் பெண்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். தொழிற்சங்கத் தலைமையின் ஆதரவு தளர்ந்தபோது, 1977இல் தேசாய் தொழிற்சங்கப் பேரவையின் வாயிலிலேயே உண்ணாவிரதம் இருந்தார். அப்பெண்களின் நிலையை வர்க்கம், இனம், பால்நிலை என மூன்று தனித்தனிக் கூறுகளாகப் பிரித்து விளக்குதல் இயலாது.

இவ்விணைப்பு பின்னர் தளர்ந்தது. 1980களின் இறுதியில் ஹோல் முதலானோர் முன்வைத்த ‘புதிய காலங்கள்’ என்ற கருத்தை, இலங்கையிலிருந்து 1958இல் புலம்பெயர்ந்த தமிழரான அ. சிவானந்தன் 1990இல் கடுமையாகச் சாடினார். அரசையும் மூலதனத்தையும் எதிர்க்கும் போராட்டம் தனிமனித அடையாளத் தேடலாகச் சுருங்குகின்றது என்பதே அவரது குற்றச்சாட்டின் சாரம். எமது நோக்கில் இவ்வெச்சரிக்கை சரியானதே. ஆனால், அதனைக் காரணங்காட்டிப் பெண்களும் கறுப்பினத்தவரும் எழுப்பிய வினாக்களைப் புறந்தள்ளுதல், பழைய குருட்டுத்தனத்துக்கே எம்மை மீளவும் இட்டுச்செல்லும்.

மையத்தின் வழிவந்த துறையைப் பல்கலைக்கழகம் 2002இல் மூடியது. ஆய்வுத் தரமதிப்பீட்டிற் பெற்ற குறைந்த புள்ளியே அதற்குக் காட்டப்பட்ட காரணம். ஆயின் அம்மரபை வளர்த்தவை நிறுவன ஏற்பாடுகள் மட்டுமல்ல. வேலைத்தலத்திலும் தெருவிலும் ஆய்வுக்கூடத்தின் உள்ளேயும் ஒலித்த எதிர்ப்புக் குரல்களுமாகும். அக்குரல்களைச் செவிமடுத்துத் தன்னைத் திருத்திக்கொள்வதிலேயே மார்க்சிய விமர்சனத்தின் உயிர்ப்பு தங்கியுள்ளது.