பதினொரு நீதிபதிகளில் ஒருவர்: திரையில் ராதாபினோத் பால்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானியத் தலைவர்கள் மீது நடந்த டோக்கியோ போர்க்குற்ற விசாரணை 1946இல் தொடங்கியது. ஒன்பது நாடுகளின் நீதிபதிகளுக்கே முதலில் இடம் இருந்தது. விதியைத் திருத்திய பிறகுதான் இந்தியாவும் பிலிப்பைன்ஸும் சேர்ந்தன. இந்தியாவின் சார்பில் சென்றவர், கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராகவும் இருந்த ராதாபினோத் பால்.

ஜப்பானின் என்எச்கே தொலைக்காட்சி 2016இல் ஒளிபரப்பிய ‘டோக்கியோ ட்ரையல்’ என்ற நான்கு பகுதித் தொடரில் பாலாக நடித்தவர் இர்ஃபான் கான். ஸ்டான்லி கிரேமரின் ‘ஜட்ஜ்மெண்ட் அட் நியூரம்பர்க்’ (1961) படத்தோடு ஒப்பிட்டால் இத்தொடரின் பலம் விளங்கும். அங்கே தீர்ப்பளிப்பவர்கள் அமெரிக்கர்கள் மட்டுமே. பொய்வழக்கில் கொல்லப்பட்ட யூதர் ஃபெல்டென்ஸ்டைன் திரைக்கே வருவதில்லை. அவர் சார்பாகப் பேசுவது யூதரல்லாத ஒரு பெண்ணின் சாட்சியம். தொடரிலோ சட்டம் குறித்தே நீதிபதிகள் மோதுகிறார்கள், அந்த மோதலில் ஆசியர்களுக்கும் பங்கு உண்டு. இது பெரிய முன்னேற்றம்.

ஆனால் கதையின் மையம் நெதர்லாந்து நீதிபதி ரோலிங். பாலின் வாதம் பெரும்பாலும் அவருடைய மனப்போராட்டத்துக்குத் துணையாகவே பயன்படுகிறது. காலனிகளை ஆண்டவர்கள் ஆக்கிரமிப்புக்குத் தண்டனை வழங்கலாமா, செயல் நடந்தபின் வகுத்த சட்டத்தைக் கொண்டு தண்டிக்கலாமா என்று ஆயிரம் பக்கங்களுக்கு மேல் எழுதி, குற்றம்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவிக்க வேண்டும் என்றவர் பால். 1948இல் நீதிமன்றத்தில் வாசிக்கப்படாத அந்த மாறுபட்ட தீர்ப்பு 1953இல் கல்கத்தாவில்தான் நூலாக வெளிவந்தது. அந்த நீண்ட சட்ட உழைப்பைக் காட்டத் தொடருக்குப் பொறுமை இல்லை.

அதைவிடக் கடுமையான குறை ‘பிரைட்’ (1998) என்ற ஜப்பானியப் படத்தில் இருக்கிறது. ஜப்பானின் போர்க்காலப் பிரதமர் டோஜோவை நாயகனாக்கும் அப்படம், பாலை ஜப்பானின் போருக்கு நற்சான்று தருபவராக நிறுத்துகிறது. சீனாவின் நான்கிங்கில் ஜப்பானியப் படை இழைத்த கொடுமைகளுக்கான சான்றுகள் வலுவானவை என்று எழுதியவரும் இதே பால்தான். அந்தப் பக்கங்களை மறைப்பது அவருக்கு இழைக்கும் அநீதி.

ஆசிய நீதிபதி என்றால் ஆசியாவின் ஒரே குரல் என்று எண்ணவும் கூடாது. ஜப்பானியப் படை போர்க்கைதிகளை நடத்திச் சென்ற பட்டான் மரண நடையில் உயிர்தப்பிய பிலிப்பைன்ஸ் நீதிபதி ஹரனில்லா, தண்டனைகள் போதாது என்று எழுதினார். அணுகுண்டு வீச்சையும் நியாயப்படுத்தினார். பாலுக்கு நேர் எதிர்முனையில் நின்ற இவரை என்எச்கே தொடர் சரியாக வளர்த்திருந்தால், விவாதம் மேற்குக்கும் கிழக்குக்குமான மோதலாகச் சுருங்கியிருக்காது.

நீதிமன்றத்துக்கு வெளியே விடுபட்டவர்கள் இன்னும் ஏராளம். ஜப்பானின் ஆட்சியில் இருந்த கொரியாவுக்கு நீதிபதியே இல்லை. ஜப்பானியப் படை போரின்போது அமைத்த சயாம் மரண ரயில்பாதையில் மலாயாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்தொகையாக மாண்டார்கள். அங்கு இறந்த ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை, இறந்த நேச நாட்டுக் கைதிகளின் எண்ணிக்கையைவிடப் பன்மடங்கு. ஆனால் அந்தப் பாதையை உலகுக்கு அறிமுகப்படுத்திய ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ (1957), இலங்கையில் படமாக்கப்பட்டும், பிரிட்டிஷ் கைதிகளின் கதையாகவே முடிந்தது. போர்க்கால நீதியைப் படமாக்குபவர்கள் நீதிபதிகளின் நாடுகளை எண்ணுவதோடு நிற்காமல், இந்தத் தொழிலாளர்களையும் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டும்.