தீவில் ஒரு காம்ரேட்

சில படங்களுக்குத் தலைப்பே ஒரு பாரா. லீனா வெர்ட்முல்லர் 1974-ல் எடுத்த இத்தாலியப் படத்தின் முழுப் பெயரைத் தமிழில் சொன்னால், 'ஆகஸ்ட் மாத நீலக்கடலில் ஒரு விநோத விதியால் அடித்துச் செல்லப்பட்டு'. போஸ்டர்காரர்கள் பாவம். ஆங்கிலத்தில் 'ஸ்வெப்ட் அவே' என்று நறுக்கிவிட்டார்கள். முதல் முறை பார்த்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். சென்ற வாரம் மறுபடி பார்த்தேன். பாதி இடங்களில் சிரிப்பு வரவில்லை.

ரஃபாயெல்லா, மிலான் நகரத்துப் பணக்காரி. உல்லாசப் படகில் வெயில் காய்ந்துகொண்டு கம்யூனிஸ்ட்டுகளைத் திட்டுவது அவள் பொழுதுபோக்கு. ஜென்னரீனோ அந்தப் படகில் எடுபிடி, தெற்கத்திக்காரன், கட்சி விசுவாசி. (அன்றைய இத்தாலியில் இது சாதாரண விஷயமில்லை. கம்யூனிஸ்ட் கட்சிக்கு 1972 தேர்தலில் 27 சதவீத ஓட்டு. 1976-ல் 34.) பாஸ்தா குழைந்துவிட்டது, காபி சுடவைத்த பழசு, சட்டை நாறுகிறது என்று அவள் அடுக்க, அவன் பல்லைக் கடித்தபடி முணுமுணுக்கிறான். ஜன்னினியின் கண்களே பாதி வசனத்தைப் பேசிவிடுகின்றன.

சின்ன ரப்பர் படகின் மோட்டார் மக்கர் செய்து, இருவரும் ஆளில்லாத தீவில் ஒதுங்குகிறார்கள். மீன் பிடிக்கத் தெரிந்தவன் அவன் மட்டுமே. மீன் வேண்டுமா, என் துணியைத் துவை என்கிறான். 'எஜமானே' என்று கூப்பிடச் சொல்கிறான். உழைப்பாளிகளின் உரிமை பேசியவன் கையில் நாலு மீன் சேர்ந்ததும் சுத்தமான முதலாளி ஆகிவிடுகிறான். படத்தின் நிஜமான ஜோக் இதுதான். வெர்ட்முல்லர் இடதுசாரி அனுதாபி. இருந்தும் தன் ஆளைத் தப்பவிடவில்லை.

சங்கடம் அடுத்து வருகிறது. பணவீக்கம், வரி ஏய்ப்பு என்று பணக்கார வர்க்கத்தின் குற்றங்களைப் பட்டியல் போட்டுக்கொண்டே அவளை அறைகிறான். பலாத்காரம் வரை போய் நிறுத்திக்கொள்கிறான். அதற்குப் பிறகு அவள் காதலிக்கிறாள்! அவள் ஒரு பெண்ணல்ல, முதலாளித்துவத்தின் குறியீடு என்று சமாதானம் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் திரையில் அறை வாங்குவது குறியீடு இல்லை, மரியாஞ்சலா மெலாட்டோவின் கன்னம். பெண்ணியவாதிகள் கொதித்தது நியாயம்தான். எடுத்தவர் பெண் என்பதால் அது சரியாகிவிடாது.

அப்புறம் எதற்கு இதைப் பார்க்கச் சொல்கிறேன்? கடைசி அரை மணி நேரத்துக்காக. கப்பல் ஒன்று தெரிகிறது. அவள் வேண்டாம் என்கிறாள். அவன்தான் பிடிவாதமாகக் கூப்பிடுகிறான். பழைய உலகத்துக்குத் திரும்பினாலும் இவள் தன்னை நேசிப்பாளா என்று தெரிய வேண்டுமாம். மற்ற படங்களில் காதல் அரசியலை ஜெயித்து சுபம் போட்டுவிடும். இதில் கரை ஏறியதும் அவரவர் வர்க்கம் அவரவரைக் கூட்டிக்கொண்டு போகிறது. அவளை ஹெலிகாப்டர். அவனை, துறைமுகத்தில் காத்திருக்கும் மனைவி.

2002-ல் கை ரிட்சி, மடோனாவை வைத்து இதை மறுபடி எடுத்தார். ஜன்னினியின் மகன் அட்ரியானோவே அப்பா வேஷத்தில். அரசியலை உருவிவிட்டு அறையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மோசமான படத்துக்கான ராஸி விருது கிடைத்தது.