கிழவர் காட்டிய திசை

போர்ச்சுகீசியப் பேரரசைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் வழக்கமாக வரலாற்று நூலில் ஆரம்பிப்பார்கள். 1415ல் சேயூட்டா, 1498ல் கோழிக்கோடு, 1510ல் கோவா, 1511ல் மலாக்கா என்று ஏறும் கோடு, 1975ல் அங்கோலாவில் கொடி இறங்கும்போது கிட்டத்தட்ட முடிந்துவிடும். என் சிபாரிசு வேறு. இரண்டு புத்தகங்களை அடுத்தடுத்து வாசியுங்கள். ஒன்று, லூயிஸ் டி கமோயிஸ் எழுதி 1572ல் வெளியான ‘லூசியாதாஸ்’ காவியம். இன்னொன்று, அந்தோனியோ லோபோ அந்தூனெஸ் 1988ல் வெளியிட்ட ‘அஸ் நாவுஸ்’ நாவல். ஆங்கிலத்தில் கிரிகரி ரபாசாவின் மொழிபெயர்ப்பு இருக்கிறது. முதல் புத்தகத்தில் கப்பல்கள் போகின்றன. இரண்டாவதில் திரும்பி வருகின்றன.

லூசியாதாஸ் பத்து காண்டங்களில் வாஸ்கோ ட காமாவின் பயணத்தைப் பாடுகிறது. கமோயிஸ் வீட்டில் உட்கார்ந்து கடலைக் கற்பனை செய்தவர் இல்லை. வட ஆப்பிரிக்காவில் சிப்பாயாக ஒரு கண்ணை இழந்தவர். 1553ல் கோவாவுக்குக் கப்பலேறிப் பல வருஷங்கள் ஆசியாவில் அலைந்தவர். அதனால் கிரேக்க தேவதைகள் கூட்டமாக வந்து போனாலும் கடல் நிஜக் கடலாக இருக்கிறது. ஸ்கர்வியில் ஈறு வீங்கி அழுகும் மாலுமிகளையும், தண்ணீரை உறிஞ்சி மேலே தூக்கும் நீர்த்தாரையையும் பார்த்தவன் எழுதியது என்று உடனே தெரிகிறது.

இந்தக் காவியத்தில் அதிகம் பேசப்படும் இடம் நான்காம் காண்டத்தின் முடிவு. கப்பல்கள் புறப்படும் நேரம், ரெஸ்தேலோ கரையில் நிற்கும் ஒரு கிழவர் மொத்தப் பயணத்தையும் சபிக்கிறார். புகழ் ஆசை, பதவி வெறி, இவற்றால் நாடு ஆளில்லாமல் போகும், குடும்பங்கள் கைவிடப்படும் என்கிறார். மரக்கட்டையில் முதன்முதலாகப் பாய் கட்டியவனையும் விட்டுவைக்கவில்லை. இதை வைத்து ‘பார்த்தீர்களா, கமோயிஸ் அப்போதே காலனியத்தை எதிர்த்தவர்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. நம் காலத்து வாசகருக்கு ரொம்ப வசதியான வாசிப்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

கிழவர் என்ன கேட்கிறார் என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். வாசலில் மூர்கள் இருக்கும்போது எதற்கு அவ்வளவு தூரம் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. போரே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பக்கத்தில் போர் செய் என்கிறார். கோழிக்கோட்டுக்காரன் கதி என்ன ஆகும் என்ற கவலை அவருக்கு இல்லை. காவியம் முடியும் இடத்தில் கமோயிஸும் அதே திசையைத்தான் காட்டுகிறார். இளம் மன்னர் செபஸ்தியானை மொரோக்கோ நோக்கி உற்சாகப்படுத்துகிறார். ஆறே வருஷத்தில், 1578ல், மன்னர் கிளம்பியும் போனார். அல்காசர் கிபீர் போர்க்களத்தில் படையோடு அழிந்தார். வாரிசு இல்லை. 1580ல் ஸ்பெயின் மன்னர் போர்ச்சுகலின் கிரீடத்தையும் எடுத்துக்கொண்டார். கமோயிஸ் இறந்ததும் அதே வருஷம்தான். ஆக, நாட்டின் தலையெழுத்தை மாற்றியது கிழவர் சபித்த இந்தியப் பயணம் அல்ல. அவர் சிபாரிசு செய்த பக்கத்துப் போர். அந்தக் கிழவரைத் தீர்க்கதரிசி ஆக்குகிறவர்கள் இதை ஏனோ கவனிப்பதில்லை.

காவியம் தொடாத ஒன்றும் இருக்கிறது. 1498ல் காமா சாமூதிரிக்காக எடுத்துவைத்த பரிசுகள் துணி, தொப்பி, கை கழுவும் கிண்ணம், சர்க்கரை, எண்ணெய், தேன். இதைப் பார்த்து அரண்மனை ஆட்கள் சிரித்தார்கள். இந்தியப் பெருங்கடல் சந்தையில் விற்க போர்ச்சுகலிடம் சரக்கு இல்லை, பீரங்கி இருந்தது. மற்றவர்களின் கப்பல்கள் காசு கொடுத்து ‘கர்தாஸ்’ என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் பறிமுதல் என்பது பிறகு வந்த ஏற்பாடு. சுலபமாகச் சொன்னால் மாமூல். 1502ல் இரண்டாம் முறை வந்த காமா, மெக்காவிலிருந்து திரும்பிய யாத்ரீகர் கப்பலை நூற்றுக்கணக்கான ஆட்களோடு எரித்தார். காவியத்தின் கதை 1499ல் வீடு திரும்புவதோடு நின்றுவிடுகிறது.

அந்தூனெஸ் எழுத வரும்போது கணக்குத் தீர்க்கும் நேரம். 1961 முதல் 1974 வரை ஆப்பிரிக்காவில் நடந்த போரில், அங்கோலாவுக்கு ராணுவ மருத்துவராகப் போனவர் அவர். 1974 ஏப்ரல் 25 புரட்சிக்குப் பிறகு லட்சக்கணக்கான குடியேறிகள் லிஸ்பனுக்குத் திரும்பினார்கள். அவர்களுடைய மரப்பெட்டிகள், கடலோடிகளின் பெருமைக்காகக் கட்டிய நினைவுச்சின்னத்தின் பக்கத்திலேயே குவிந்து கிடந்தன. நாவல் இந்தக் கூட்டத்துக்குள் வாஸ்கோ ட காமாவை, கப்ராலை, தியோகோ காவோவைக் கொண்டுவந்து விடுகிறது. லூயிஸ் என்று ஒருவர், நம் கவிஞரேதான், அப்பாவின் பிணத்தைப் பெட்டியில் வைத்து இழுத்துக்கொண்டு அலைகிறார். பிரான்சிஸ் சேவியர் மட்டமான லாட்ஜ் நடத்திப் பெண்களை வைத்துத் தொழில் செய்கிறார். 1542 முதல் முத்துக்குளித்துறைக்குத் தெரிந்த சவேரியார் அவர். தமிழ் வாசகருக்கு அந்தப் பக்கங்களில் சுருக்கென்று இருக்கும். ஆனால் இது வெறும் நக்கல் இல்லை. சலாசரின் ஆட்சி இந்தப் பெயர்களைச் சிலையாக்கி, கமோயிஸின் நினைவு நாளை ‘இன தினம்’ ஆக்கி, அதைச் சொல்லியே பையன்களைப் போருக்கு அனுப்பியது. நாவல் சிலைகளைத் தரையிறக்கி வரிசையில் நிற்க வைக்கிறது.

என் குறை ஒன்று. இந்த நாவலிலும் ஆப்பிரிக்கர்கள் பெரும்பாலும் ஓரத்தில்தான். கொண்டாட்டமோ கேலியோ, இரண்டு புத்தகங்களும் லிஸ்பனைப் பார்த்தே பேசுகின்றன. செபஸ்தியான் செத்த அதே 1578ல்தான் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சானது. சாவியும் ஜன்னலும் மேசையும் அவர்கள் மொழியிலிருந்து நம் வீட்டுக்குள் வந்தவை. அந்தக் கதைக்கு இந்த இரண்டிலும் இடமில்லை. அதற்காக இவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். கமோயிஸை ‘நம்ம ஆள்’ ஆக்கவும் வேண்டாம். ஒரு நாடு தனக்குத்தானே என்ன கதை சொல்லிக்கொண்டது, அது எப்படிக் கிழிந்தது என்பதற்கு இவற்றைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

நாவலின் கடைசிக் காட்சியில் காசநோயாளிகள் சிலர் கடற்கரையில் உட்கார்ந்து மன்னர் செபஸ்தியானுக்காகக் காத்திருக்கிறார்கள். பனிமூட்டத்தில் ஒருநாள் அவர் திரும்பி வருவார் என்பது அந்த நாட்டின் பழைய நம்பிக்கை. நாநூறு வருஷமாகியும் அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பது அதே கடலைத்தான்.