மிஷன்: இம்பாசிபிள் (1996 திரைப்படம்)

மிஷன்: இம்பாசிபிள், பிரையன் டி பால்மா இயக்கத்தில் 1996 ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்க அதிரடித் திரைப்படம் ஆகும். 1966 முதல் 1973 வரை ஒளிபரப்பான அதே பெயர் கொண்ட தொலைக்காட்சித் தொடரைத் தழுவியது.

தொடரில் வெற்றி குழுவுக்கு உரியது. படத்திலோ தொடக்கத்திலேயே குழு அழிகிறது. ஈத்தன் ஹண்ட் (டாம் குரூஸ்) தனி நாயகனாகிறார். தொடரில் குழுத் தலைவராக இருந்த ஜிம் பெல்ப்ஸ் இங்கே துரோகி. தொடரில் அவ்வேடத்தில் நடித்த பீட்டர் கிரேவ்ஸ் இம்மாற்றத்தை விரும்பவில்லை. திடீர்த் திருப்பத்துக்காகப் பழைய ரசிகர்களின் நம்பிக்கையைப் படம் பலியிடுகிறது.

எனினும், சிஐஏ பெட்டக அறைக் காட்சியில் துப்பாக்கி வெடிப்பதில்லை. கயிற்றில் தொங்குபவர், மேலே அதைப் பிடித்திருப்பவர், தரையில் விழக்கூடாத ஒரு துளி வியர்வை: தொடரின் கூட்டுமுயற்சி அங்குதான் மீண்டும் உயிர்பெறுகிறது.